தென்காற்றுக்குக் காத்திருந்த தேர்

என் தோழிக்குப் புற்றுநோய் என்று நானாகவே முடிவு கட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவள் என்னிடம் அப்படி எதையும் சொல்லவில்லை. தன் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக எனக்குத் தரத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான். முதலில் ஜன்னலோரம் வைத்து வளர்த்த இரண்டு பூச்சாடிகள் வந்தன. அடுத்த வாரம் சோறு சமைக்கும் குக்கர், கழுவித் துடைத்து, வயரைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு வந்தது. பிறகு ஒரு கம்பளிக் கோட். "எனக்கு இப்ப இது பெரிசாப் போச்சு" என்றாள். உண்மைதான். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் லீவு எடுத்தாள். போன் வந்தால் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

நாங்கள் இருவரும் மெல்பேர்னின் வடக்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தோம். ரத்தக் குழாய்களும் சிறுநீர்க் குப்பிகளும் திசுத் துண்டுகளும் வந்திறங்கும் வாசல் பிரிவு எங்களுடையது. லேபிளைச் சரிபார்த்து, கணினியில் பதிந்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்ப வேண்டும். பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. பதினொரு வருடம் ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிரெய்கிபர்னில் குடும்பத்தோடு இருப்பவள். அவள் ஜப்பானில் ஒரு சிறு பட்டணத்திலிருந்து படிக்க வந்து, ஒரு ஆஸ்திரேலியரை மணந்து, விவாகரத்தாகி, தனியாக இருந்தவள். பிள்ளைகள் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். என்னுடையதும் உடைந்தது, அவளுடையதும் உடைந்தது. ஆனால் அவள் சொன்னவை எல்லாம் என் நினைவில் எங்கள் வீட்டுப் பேச்சாகத்தான் பதிந்திருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். கூரியர்காரர்கள் அவளிடம் எதையும் இரண்டு தடவை கேட்பார்கள்.

எங்கள் வேலையில் ஒரு கொடுமை உண்டு. யாருடைய பெயரைக் கணினியில் அடித்தாலும் அவருடைய ரத்தம் எந்தப் பிரிவுக்குப் போனது, என்ன முடிவு வந்தது என்று பார்த்துவிடலாம். காரணமில்லாமல் பார்த்தால் வேலை போய்விடும். போகத்தான் வேண்டும், அது சரியான சட்டம். ஒரு நாள் பின்னேரம், அவள் கார் நிறுத்துமிடத்தில் போனில் பேசிக்கொண்டு நின்றபோது, நான் அவள் பெயரை அடிக்கத் தொடங்கினேன். நாலு எழுத்து அடித்த பிறகு விரல் நின்றுவிட்டது. அழித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, இல்லாத வேலையைத் தேடிச் செய்தேன். அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. வீட்டில் கறியை அடிப்பிடிக்க விட்டேன். இரண்டு தரம் காரைப் பூட்டாமல் போனேன். "என்ன நடந்தது உமக்கு?" என்று கணவர் கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் என்னைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டாள்.

"எங்கடை ஜப்பான் சங்கம் வருசா வருசம் கோடைத் திருவிழா செய்யிறது. ஒரு தேர் இழுப்பம். நீர் ஒரு நாளும் வந்தது இல்லை. இந்த முறை கட்டாயம் வாரும்."

பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து 'கட்டாயம்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அங்கே வைத்துத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஜப்பானில் அந்தத் திருவிழா ஜூலையில். இங்கே ஜூலையில் எலும்பு நடுங்கும். அதனால் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வைத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பார்த்து வடக்குக் காற்று அடித்தது. பாலைவனத்தைத் தாண்டி வருகிற அந்தக் காற்று வீசும் நாளில் மெல்பேர்னில் மனிதர்கள் நிதானமாக இருக்க முடியாது. கதவு அடிக்கும், குப்பைத் தொட்டி வீதியில் உருளும், நாய்கள் காரணமில்லாமல் குரைக்கும். காலை பத்து மணிக்கே முப்பத்தைந்து பாகை. ஒரு சுள்ளிகூட வெளியில் எரிக்கக் கூடாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"இந்த வெய்யிலுக்கை ஆரும் தேர் இழுப்பினமோ?" என்றார் கணவர், ஏ.சி.க்கு நேரே படுத்துக்கொண்டு. "நீரும் மகளும் போட்டு வாங்கோ."

என் மகள் பதினோராம் வகுப்பு. சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் என்றதால் வரச் சம்மதித்தாள். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு நகரசபைப் பூங்காவில் கூட்டம். கோடைக்கான மெல்லிய பருத்திக் கிமோனோவில் பெண்கள், அதன் கீழே ரப்பர்ச் செருப்பு. சோளத்தைச் சோயா தடவிச் சுடும் வாசனை. மின்சார அடுப்புத்தான், நெருப்புத் தடை. காகித விசிறிகள், ஐஸ்பெட்டிகள், மூக்கில் வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் பூசிய குழந்தைகள். பூங்காவின் ஓரத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே தேர் நின்றது.

நான் சின்னதாக ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். மரச் சட்டம் முழுவதும் ஆணியில்லாமல் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். கீழே நாலு மரச் சக்கரங்கள். மேல் தட்டில் இரண்டு மேளம், ஒரு வெண்கலத் தட்டு, புல்லாங்குழலோடு இருவர் உட்கார இடம். நாலு பக்கமும் காகித விளக்குகள் வரிசை வரிசையாகத் தொங்கின. முன்னால் இரண்டு தடித்த கயிறுகள் புல்லில் நீண்டு கிடந்தன. மெல்பேர்ன் கோயில் தேரில் நான் வருடா வருடம் வடம் பிடிப்பவள். கயிற்றைப் பார்த்ததும் கை தானாகக் குனிந்து தொட்டுப் பார்த்தது. வெயிலில் சுட்டது.

தேர் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். ஒன்றரைக்கு நகரசபை உத்தியோகத்தர் ஒருவர் கழுத்தில் அட்டையோடு வந்து, வெக்கை முப்பத்தாறுக்குக் கீழே இறங்காமல் வீதியில் இழுக்க விட முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போது முப்பத்தொன்பது. மூன்று மணிக்குப் பார்ப்போம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூன்று மணிக்கு நாலு என்றார்கள். எல்லோரும் போனில் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கிலிருந்து குளிர்காற்று கிளம்பிவிட்டது, எப்போது இங்கே வந்து சேரும் என்பதுதான் கேள்வி.

தோழியைத் தூரத்தில் கண்டேன். முழங்கைவரை கை வைத்த கருநீலக் குட்டைச் சட்டை, தலையில் முறுக்கிய வெள்ளைத் துணி. தேரைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதல் தரம் கிட்டப் போனபோது மேளக்காரர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் அவளே என்னைக் கண்டு, "வந்திட்டீர்!" என்று சிரித்து, ஒரு குளிர்ந்த போத்தலைக் கையில் தந்துவிட்டு ஓடினாள். மூன்றாம் தரம் ஒரு வயதான ஜப்பானியர் அவளிடம் தலையைக் குனிந்து ஏதோ சொல்ல, அவளும் குனிந்தாள். இருவரும் நிமிர நேரமெடுத்தது. அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் கடைகளின் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. மகள் நிழலில் உட்கார்ந்து கணவாய் மீன் உருண்டைகளைக் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஜஸ்ட் சிட் டவுன். யூ ஆர் மேக்கிங் மீ டயர்ட்."

"நீ சாப்பிடு."

"வாட்ஸ் ராங்?"

"ஒண்டுமில்லை எண்டுறன்."

நாலரைக்கு யாரோ, "குளிர்காற்று தெற்கை ஜீலோங் பக்கம் வந்திட்டுதாம்" என்றார்கள். ஐந்து மணி அளவில் மரங்களின் சத்தம் நின்றது. ஒரு இலைகூட அசையவில்லை. மெல்பேர்னில் இருப்பவர்களுக்கு அந்த நிமிடம் தெரியும். சுற்றி நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தித் தெற்கே திரும்பிப் பார்த்தோம். பிறகு அது வந்தது. கூடாரத் துணிகள் எதிர்ப் பக்கம் உப்பின. விசிறிகள் பறந்தன. தேரில் இருந்த காகித விளக்குகளில் பாதி கிழிந்து புல்லின்மேல் ஓடின, குழந்தைகள் துரத்திக்கொண்டு ஓடினார்கள். வியர்த்த முதுகில் அந்தக் குளிர் பட்டதும் கூட்டம் முழுவதும் ஒன்றாகக் கத்தியது. பத்து நிமிடத்தில் இருபத்தேழு பாகை. நகரசபை உத்தியோகத்தர் தன் போனைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார்.

"ஆக்கள் காணாது, கயிற்றைப் பிடிக்க வாங்கோ" என்று அறிவித்தார்கள். மகளையும் இழுத்துக்கொண்டு போய் இடது கயிற்றில் நின்றேன். முன்னே கழுத்தை நீட்டித் தேரை வழிநடத்தப் போகிறவர் யாரென்று பார்த்தேன். கயிறுகளுக்கு நடுவே, எங்களைப் பார்த்தபடி, இரண்டு கையிலும் இரண்டு மரக் கட்டைகளை வைத்துக்கொண்டு நின்றது என் தோழி.

கட்டைகளை ஒன்றோடொன்று அடித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அந்தச் சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடி வயிற்றிலிருந்து எழும்பி, பூங்காவைத் தாண்டி, வீதிக்கு அப்பால் இருந்த வீடுகளில் பட்டுத் திரும்பி வந்தது. என்ன சொல் என்று தெரியவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று கயிற்றில் நின்ற நூறு பேருக்கும் புரிந்தது. இழுத்தோம். மேளம் முழங்கியது. சக்கரம் கிரீச்சிட்டு உருண்டது.

"ஓ மை காட், அம்மா! இஸ் தட் யுவர் ஃபிரெண்ட்?"

"ஓம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இருநூறு மீற்றர் வீதி. போக்குவரத்தை மறித்துச் செம்மஞ்சள் கூம்புகள். வேலி ஓரத்தில் நின்று பியர் போத்தலோடு கை தட்டியவர்கள். வீதியின் கோடியில் ஒரு முடக்கு. அந்தத் தேரின் சக்கரம் திரும்பாது, நேராக மட்டுமே போகும். முடக்கில் திருப்ப வேண்டுமென்றால் பின்பக்கத்து உத்திரங்களுக்குக் கீழே ஆட்கள் தோள் கொடுத்து, பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, அப்படியே சுற்ற வேண்டும். பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். நாங்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றோம். அவள் கட்டையை அடித்தாள். தூக்கினார்கள். பாதி சுற்றும்போது காற்று ஒன்று பக்கவாட்டில் வந்து தேரின் உச்சியில் கட்டியிருந்த துணியில் மோதியது. தேர் சரிந்தது. மேலே புல்லாங்குழல்காரர் தூணைக் கட்டிப் பிடித்தார். பின்னால் ஒருவருடைய கால் வழுக்கியது. யாரோ ஆங்கிலத்தில் "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்தினார்கள். விட்டிருந்தால் கீழே இருந்தவர்களின் கால்கள் போயிருக்கும்.

அவள் ஒரு சொல் சொன்னாள். ஒரே சொல். எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான் கயிற்றை விடவில்லை. அவள் தேரைப் பார்க்கவில்லை, மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இலைகள் அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும் கட்டையை அடித்து, நீளமாக, தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். தேர் மெல்லச் சுற்றி, புது வீதியைப் பார்த்து, தொம்மென்று இறங்கியது. கூட்டம் ஆரவாரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தாள்.

தேர் பூங்காவுக்குத் திரும்பிய பிறகு, சாமான் ஏற்ற வந்த லொறியின் பின்படியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலைத் துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளைச் சோளம் வாங்க அனுப்பிவிட்டு நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காராமல் நின்றேன். உட்கார முடியவில்லை.

"உமக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"வருத்தமோ? எனக்கோ?"

"புற்றுநோயோ? எங்கை? எனக்குச் சொல்லும்."

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் சாமானெல்லாம் தாறீர். மெலிஞ்சு போனீர். அந்த ஐயா உம்மைப் பாத்து அழுறார். நான் உம்மடை பேரைக் கொம்பியூட்டரிலை அடிச்சனான். பாக்கேல்லை. அடிச்சு நிப்பாட்டினனான்."

அதைச் சொல்லிவிட்டு நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து லொறியின் டயரைப் பார்த்தேன்.

"எத்தினை எழுத்து அடிச்சனீர்?"

"நாலு."

"என்ரை பேரிலை அஞ்சு எழுத்துத்தானே இருக்கு" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். குலுங்கிக் குலுங்கி, தலைத் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து வாரத்தில் அன்றுதான் முதுகைச் சாய்த்தேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அக்காவுக்குத்தான். பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்திட்டுது, பேச்சும் இல்லை. லீவு எடுத்து அலுவல் பாத்தும், டொக்டர்மாரோடை போனிலை கதைச்சும் எனக்குச் சாப்பாடே இறங்கேல்லை. அவ கலியாணம் கட்டேல்லை, வேறை ஆக்களும் இல்லை. நான் போறன்."

"எவ்வளவு நாளுக்கு?"

"போறன்" என்று திரும்பவும் சொன்னாள். "மூண்டு கிழமையிலை. வீடும் குடுத்திட்டன்."

முதலில் வந்தது நிம்மதி. உயிர் இருக்கிறது, நோய் இல்லை. அது ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. அடுத்துக் கோபம் வந்தது; அவள்மேல் நான் அப்படி ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

"பதினொரு வருசம் ஒரு மேசையிலை சாப்பிட்டம். எல்லாருக்கும் சொல்லிப்போட்டு எனக்குக் கடைசியாச் சொல்லுறீர்."

"சங்கத்துக்கு மட்டும்தான் சொன்னனான், அடுத்த வருசத்துக்கு வேறை ஆள் பாக்க வேணும் எண்டு. வேலையிலை இன்னும் சொல்லேல்லை. உமக்குச் சொன்னால் அழுவீர். அழுதால் நான் போக மாட்டன்."

அவள் கட்டைகள் இரண்டையும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கடை ஊரிலை இதைவிடப் பெரிய தேர்" என்றாள். "பொம்பிளையள் தொடக் கூடாது. கட்டை அடிக்கவே கூடாது. பதினெட்டுக் கோடை நான் ரோட்டு ஓரத்திலை நிண்டு பாத்தனான். ஒவ்வொரு சத்தமும் எனக்குப் பாடம். இஞ்சை வந்த பிறகு, சங்கத்திலை தேர் கட்டிப்போட்டு, எப்பிடித் திருப்பிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எனக்குத் தெரியும் எண்டு சொன்னன். ஆறு வருசம் நான்தான் கட்டை அடிச்சுக் கூப்பிட்டன். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டினம். நீர் ஒருக்கா வந்து பாக்க வேணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

மகள் சோளத்தோடு வந்தாள். "யூ வேர் அமேசிங், அன்ரி" என்றாள். தோழி எழுந்து அவளுக்கு ஆழமாகக் குனிந்து வணக்கம் சொன்னாள். மகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் குனிந்தாள், சோளம் கையிலிருந்து விழுந்தது.

மூன்று வாரம் சண்டை பிடித்தவர்களைப்போல நடந்துகொண்டோம். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஆனால் நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன். அவள் வீட்டைக் காலி செய்த நாளன்று மட்டும் நானும் கணவரும் போய் உதவினோம். விமான நிலையத்துக்கும் நான்தான் கூட்டிப் போனேன். காலை வேளை, வழி முழுவதும் வாகன நெரிசல். ஒரே வாகனத்துக்குப் பின்னால் நாற்பது நிமிடம் ஊர்ந்தோம். உள்ளே போகும் கதவருகே, "கோவம் போச்சோ?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "நல்லது" என்று என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்தக் கதிரையில் ஒரு இளம் பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். நான் மத்தியானச் சாப்பாட்டை நேரம் மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறேன். சில நாள் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் கூப்பிட்டாள். எனக்குக் குளிருக்கு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. அன்று அவர்கள் ஊர்த் தேர். தெருத் தலைவர்களிடம் போய், கயிறாவது பிடிக்கலாமா என்று கேட்டாளாம். கூடிப் பேசிவிட்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்களாம். அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து ரோட்டு ஓரத்துக்குக் கொண்டு போனாளாம்.

"முடக்கிலை கட்டை அடிக்கிறவர் பிந்திப் போனார். தேர் சரியப் பாத்தது. எனக்குத் தெரியாமலே நான் கத்திப்போட்டன்."

"பிறகு?"

"நிண்டவை. எல்லாரும் நிண்டவை. பிறகு கத்தினது ஆர் எண்டு திரும்பிப் பாத்தினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. தேர் திரும்பிச்சுது." முகத்து வியர்வையைத் துடைத்தாள். "அக்கா சிரிச்சா. விழுந்த பிறகு முதல் தரம் சத்தமாச் சிரிச்சா."

நான் ஹீட்டரை நிறுத்திவிட்டு எழுந்து, போனோடு குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

"அடுத்த வருசமும் கேப்பீரோ?"

"கேப்பன்" என்றாள். "ஓம் எண்டு சொல்லும் மட்டும் கேப்பன்."

பின்னால் அக்கா கூப்பிடும் சத்தம் கேட்டது. சொல் இல்லை, சத்தம்தான். பிறகு பேசுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அவள் எழுந்து போனாள்.